கலாய் பூசிய பாத்திரம்

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோருக்குச் சொந்த நிலம் இல்லை. குடியிருந்த லயமும் தோட்டத்துக்கு உரியது. பித்தளைக் குடமும் செம்புத் தவலையும்தான் குடும்பத்தின் சொத்து. பெண்ணுக்குச் சீர் கொடுக்கவும், இக்கட்டு வந்தால் அடகு வைக்கவும் அவை உதவின. பழசானாலும் எடைக்கு விலை உண்டு. ஆகவே, பழுதுபட்ட பாத்திரத்தை யாரும் எறிவதில்லை, சரிசெய்தே புழங்கினார்கள்.

செம்பும் பித்தளையும் உறுதியானவை. ஆனால் புளிப்புக்கு ஆகாதவை. புளிக்குழம்போ மோரோ அவற்றில் தங்கினால் பச்சைக் களிம்பு ஏறும். அது உணவில் கலந்தால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். இதைத் தடுக்கவே உட்புறத்தில் வெள்ளீயம் பூசினார்கள்.

ஈயம் பூசுகிறவர் தரையில் குழி தோண்டிக் கரி நிரப்பி, துருத்தியால் ஊதுவார். மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்த பாத்திரத்தை அனலில் காட்டி, நவச்சாரம் தூவுவார். குபீரென்று வெண்புகை எழும். நவச்சாரம் உலோகத்தின் மேலுள்ள மாசை நீக்கும். அப்போதுதான் ஈயம் பிடிக்கும். பிறகு ஈயக் குச்சியைத் தொட்டு, துணியால் சுற்றித் துடைப்பார். உட்புறம் வெள்ளிபோல் பளபளக்கும். செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். வெள்ளீயத்துக்கு 232 டிகிரியே போதும். அதனால் பாத்திரத்துக்குச் சேதமில்லை. பூச்சு தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். பொத்தல் விழுந்தால், பித்தளைத் துண்டு வைத்து வெண்காரமிட்டுப் பற்றவைப்பார்கள்.

இந்த வேலைக்குக் 'கலாய் பூசுதல்' என்றும் பெயர். வெள்ளீயத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது இது. அச்சொல்லோ 'கலா' என்ற துறைமுகத்தின் பெயரோடு தொடர்புடையது என்பர். பழைய அரபு நூல்கள் ஈயத்துக்குப் பேர்போனதாகச் சொல்லும் அத்துறைமுகம் நம் கெடாவே என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. தமிழில் கெடாவுக்குக் கடாரம் என்று பெயர். பெரிய கொப்பரைக்கும் அதே பெயர்தான்!

பின்னர் மலிவான அலுமினியமும், தேய்க்க எளிதான எவர்சில்வரும் வந்தன. இவற்றுக்குக் கலாய் தேவையில்லை. தொழிலும் மெல்ல மறைந்தது.

தாய்மார்களே, பாட்டி விட்டுச்சென்ற பித்தளைப் பாத்திரம் வீட்டில் இருக்கலாம். பூச்சில்லாமல் அதில் புளி சேர்த்துச் சமைக்காதீர்கள். பூசக் கொடுத்தால், சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேளுங்கள். காரீயம் கலந்தால் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது கெடுக்கும். பாத்திரத்தைக் காத்தவர்கள், அதில் உண்பவரின் உயிரையும் எண்ணியே காத்தார்கள்.