'பம்பாய்': இரண்டாம் பார்வை

மணிரத்னத்தின் 'பம்பாய்' 1995இல் வெளிவந்தது. கொடகவெலயில் எங்கள் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில், வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில்தான் நான் அதை முதலில் பார்த்தேன். சாமான் வாங்க வரும் தோட்டத்துக் குடும்பங்களும் கூடியிருந்தன. சேகரும் ஷைலாபானுவும் சேர வேண்டுமே என்று உம்மாவும் சாச்சியும் கண்கலங்கினார்கள். ரஹ்மானின் பாட்டுக்கள் பல மாதங்கள் எங்கள் தெருவில் ஒலித்தன.

அண்மையில் மீண்டும் பார்த்தபோது அன்று கவனிக்காதவை கண்ணில் பட்டன. காதலனை நோக்கி ஓடும் ஷைலாவின் புர்கா நங்கூரத்தில் மாட்டிக்கொள்கிறது. அதை விட்டுவிட்டுத்தான் அவள் அவனை அடைகிறாள். அவனுக்கோ கழற்றி எறிய எதுவுமில்லை. எனினும், திருமணத்தின் பின்னும் அவள் முஸ்லிமாகவே வாழ்கிறாள் என்பதையும், முஸ்லிம் தகப்பனாகக் கிட்டியையும் இந்துத் தகப்பனாக நாசரையும் நடிக்க வைத்த துணிவையும் மறுப்பதற்கில்லை.

என் மனக்குறை வேறு. 1992 டிசம்பர் 6இல் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டதை அடுத்து அம்மாதமும், பின்னர் 1993 ஜனவரியிலும் அந்நகரம் எரிந்தது. மாண்டவர்கள் 900 பேர் என்கிறது 1998இல் வெளியான நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணைக்குழுவின் அறிக்கை. அவர்களில் முஸ்லிம்கள் 575, இந்துக்கள் 275. பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் மட்டும் 356 பேர் இறந்தனர். ஜனவரி வன்முறையில் சிவசேனையின் பங்கையும் பொலிஸாரின் பக்கச்சார்பையும் அறிக்கை வெளிப்படையாகவே பேசியது. படமோ இரு தகப்பன்மார், இரு தலைவர்கள், இரு கும்பல்கள், இரட்டைப் பிள்ளைகள் என்று தராசைச் சமமாகவே பிடிக்கிறது. அறிக்கைக்கு முன்பே வந்த படம் அது. ஆயினும் அந்தச் சமநிலை கதையின் அழகுக்காகச் செய்யப்பட்டது, நடந்ததற்காக அல்ல.

இதை எனக்கு முதலில் உணர்த்தியவர் அறிஞர் எவருமல்லர். அன்றிரவு எங்கள் வீட்டில் படம் பார்த்த தோட்டத்து அம்மா ஒருவர். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரின் லயங்கள் தாக்கப்பட்டபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். கலவரக் காட்சியில் முகத்தை மூடிக்கொண்டவர், படம் முடிந்ததும் சொன்னார்: "இதுல ரெண்டு பக்கமும் அடிச்சுக்கிறாங்க தம்பி. எங்கள அடிச்சப்ப ஒரு பக்கந்தான் இருந்துச்சு."

அப்போது அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. 2014 ஜூனில் அளுத்கமவில் எம்மவரின் வீடுகளும் கடைகளும் எரிந்த மறுநாள், கடைக்கு வந்த ஒருவர் "ரெண்டு பக்கமும் பிழைதானே" என்றார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. அந்த அம்மாவின் முகம்தான் நினைவில் வந்தது.

படத்தின் முடிவில் மக்கள் கைகோர்த்து நிற்கிறார்கள். அந்தக் காட்சி இன்றும் என்னைக் கலங்க வைக்கிறது. ஆனால் கைகோர்க்கு முன் யாரை யார் அடித்தார் என்று ஒருமுறையாவது சொல்லியிருக்க வேண்டும்.