கையெழுத்து எதற்குச் சாட்சி?

2025இலிருந்து இந்தியாவில் உள்நாட்டுப் பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லை. ஸ்பீட் போஸ்ட்டுக்குள் அதை அஞ்சல் துறை சேர்த்துவிட்டது. அந்தச் சேவை மறைந்ததில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறவருக்கு ஒரு கவலை என்றால், பழைய நாணயமும் தபால்தலையும் வாங்கி விற்கிறவருக்கு வேறொரு கவலை. ‘உரியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்கள்’ என்ற ஒற்றை உறுதியை நம்பித்தான், தொலைந்தால் இன்னொன்று கிடைக்காத பொருளைக்கூட ஒரு உறைக்குள் வைத்து ஒட்டி அனுப்பினார்கள். ஆனால் அந்தக் கையெழுத்து எதைக் காத்தது என்று பதிவுத் தபாலின் வரலாற்றைக் கேட்டால், கிடைக்கும் பதில் சேகரிப்பாளரின் நம்பிக்கையோடு ஒத்துப்போகவில்லை. பெறுகிறவர் போடும் கையெழுத்து, தபால் துறையின் பொறுப்பு எந்த நொடியில் முடிந்தது என்பதைக் காட்டும் கோடு. பொருளுக்கான காவல் அதற்கு முன்பே, வழியில் அதைக் கைமாற்றிக்கொண்டவர்களின் ஏடுகளில் இருந்தது. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணியதிலிருந்தே மதிப்புள்ள பொருள்களின் தபால் தகராறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

பதிவு முறை வருவதற்கு முன்னால் மக்கள் தபாலை எப்படி நம்பினார்கள் என்பதற்கு வெட்டப்பட்ட பண நோட்டே சாட்சி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வங்கி நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்த செய்தி வந்த பிறகு மறுபாதியை அனுப்பும் வழக்கம் இருந்தது. 1861ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் புழங்கிய நோட்டுகளுக்கும் இதே கதிதான். இரண்டு பாதிகளிலும் எண் இருந்ததால், ஒட்டிச் சேர்த்துப் பணமாக்குவதில் சிக்கல் இல்லை. வழியில் ஒரு பாதியைத் திருடியவனுக்கு அது வெறுங்காகிதம். இந்த ஏற்பாட்டில் கையெழுத்துக்கு இடமே இல்லை. திருடினாலும் பயன்படாத வடிவத்துக்குப் பொருளை மாற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. நோட்டை வெட்டலாம். நாணயத்தையும் வைரத்தையும் அப்படி வெட்ட முடியாது என்பதால், அவற்றுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது.

அந்த வழியை பிரிட்டிஷ் தபால் துறை 1841 ஜனவரியில் திறந்தது. முந்தைய ஆண்டுதான் ஒரு பென்னிக்கு நாடெங்கும் கடிதம் போகும் முறை வந்திருந்தது. பதிவுக்குக் கேட்ட கட்டணமோ ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி. கடிதத்தைச் சுமப்பதற்கு ஆகும் செலவைப்போல் பன்னிரண்டு மடங்கை, அதை எழுதிவைப்பதற்காக வாங்கினார்கள். அந்தப் பணத்துக்குக் கிடைத்தது பொருளின் மதிப்புக்கான உத்தரவாதம் அல்ல. கடிதம் ஒவ்வொரு அலுவலகத்திலும் தனிப்பட்டியலில் ஏறும், ஒருவர் ஒப்படைக்க இன்னொருவர் ரசீது கொடுப்பார் என்பதுதான் கிடைத்தது. அந்தக் காலத்துத் தபால் துறையை அதிகம் அச்சுறுத்தியது வழிப்பறிக்காரனைவிட உள்ளே இருந்த ஊழியரின் கைதான். பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற அந்தனி ட்ரோலோப், அயர்லாந்தில் தபால் அதிகாரியாக இருந்தபோது, அடையாளம் கீறிய தங்க நாணயம் ஒன்றைக் கடிதத்துக்குள் வைத்துத் திருட்டைக் கண்டுபிடிக்க முயன்றது நீதிமன்றம் வரை போன கதை. நாணயம் இருப்பது வெளியே தெரியும் கடிதத்தைக் கட்டாயமாகப் பதிவு செய்யும் விதியும் பிறகு வந்தது. பதிவேடு, பெறுகிறவரைச் சந்தேகித்துப் பிறந்ததல்ல; தன் ஆட்களையே கண்காணிக்க ஒரு துறை செய்துகொண்ட ஏற்பாடு அது.

காவலும் ஈடும் வெவ்வேறு என்பதைச் சட்டங்களும் தொடக்கத்திலிருந்தே தெளிவாகச் சொல்லிவந்திருக்கின்றன. 1874இல் பெர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, நாடுகளுக்கிடையே போகும் பதிவுத் தபால் தொலைந்தால் 50 பிராங்க் தர வேண்டும் என்றது. உள்ளே காதல் கடிதம் இருந்தாலும் கல் பதித்த மோதிரம் இருந்தாலும் அதே 50 பிராங்க்தான். இந்தியாவில் 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் 28ஆம் பிரிவில் பதிவைப் பற்றியும், 30ஆம் பிரிவில் காப்பீட்டைப் பற்றியும் தனித்தனியே பேசியது. சில வகைப் பொருள்களைக் காப்பீடு செய்தே அனுப்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை 31ஆம் பிரிவு அரசுக்குக் கொடுத்தது. தொலைந்தாலோ, தவறான கைக்குப் போனாலோ, தாமதமானாலோ, சேதமானாலோ, வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அளவைத் தாண்டி அரசுக்குப் பொறுப்பில்லை என்று 6ஆம் பிரிவு கையை விரித்துவிட்டது. பதிவு செய்தேன், ஆகவே பாதுகாப்பு வாங்கினேன் என்று நினைத்தவர் உண்மையில் வாங்கியது சாட்சியை மட்டுமே. பாதுகாப்புக்கான விலை, அரக்கு முத்திரை வைத்துக் கட்டும் காப்பீட்டுப் பார்சல் என்ற பெயரில் பக்கத்திலேயே தனியாக இருந்தது.

பதிவுத் தபாலின் பெருமைக்கு எல்லோரும் காட்டும் சான்று ஹோப் வைரம். 1958 நவம்பரில் நியூயார்க் நகை வணிகர் ஹாரி வின்ஸ்டன், வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கொடையாக அந்த நீல வைரத்தை ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலத்தில் பதிவுத் தபாலில் அனுப்பினார். ஜேம்ஸ் டாட் என்ற தபால்காரர் கொண்டுபோய்க் கொடுத்தார். கட்டணம் மொத்தம் 145 டாலர் 29 சென்ட். அதில் அஞ்சல் கட்டணம் 2 டாலர் 44 சென்ட்தான். மீதி 142 டாலர் 85 சென்ட், பத்து லட்சம் டாலர் மதிப்புக்கான காப்பீட்டுக்குப் போனது. பொட்டலம் சுற்றியிருந்த அந்தக் காகிதம் இன்று வாஷிங்டன் தபால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வைரத்தைக் காப்பாற்றியது டாட் வாங்கிய கையெழுத்தா? அது போடப்பட்டபோது ஆபத்தெல்லாம் கடந்து போயிருந்தது. அமெரிக்கப் பதிவுத் தபால் பூட்டிய இடத்தில் இருக்கும். ஒரு ஊழியரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்போதெல்லாம் வாங்கியவர் பெயர் எழுதப்படும். எந்த மணி நேரத்தைச் சுட்டிக் கேட்டாலும் ‘இப்போது இது இன்னார் பொறுப்பில்’ என்று சொல்ல முடிந்தது. கட்டணத்தில் பெரும்பங்கு காப்பீட்டுக்குப் போனதே, வின்ஸ்டன் கையெழுத்தை மட்டும் நம்பவில்லை என்பதைக் காட்டுகிறது.

கைமாற்றத்தை எழுதிவைத்த இந்தச் சங்கிலி அவ்வளவு உறுதி என்றால் மதிப்புள்ள பொருளை ஏன் ஒளித்து அனுப்பினார்கள் என்று கேட்கலாம். 1905இல் டிரான்ஸ்வாலில் கிடைத்த 3,106 காரட் கலினன் வைரத்தை லண்டனுக்குக் கொண்டுபோன விதம் இந்தக் கேள்விக்கு நல்ல எடுத்துக்காட்டு. துப்பறிவாளர்கள் சூழக் கப்பல் தலைவரின் பெட்டகத்தில் போனது போலிக் கல். உண்மைக் கல் சாதாரணப் பெட்டியில் பதிவுப் பார்சலாகப் போனது. இதில் இரண்டு காவல்கள் சேர்ந்து வேலை செய்தன: கைமாறுவதை எழுதிவைத்தது ஒன்று, உள்ளே இருப்பதை யாருக்கும் சொல்லாதது இன்னொன்று. ஆனால் பதிவுத் தபாலுக்குள்ளேயே இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்தன. பிரிட்டிஷ் பதிவு உறைகளின்மேல் நீலக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக அச்சிடப்பட்டிருந்தன. ஊழியர் தவறவிடாமல் தனிப்பட்டியலில் ஏற்றுவதற்காக வந்த அடையாளம் அது. உள்ளே விலை உயர்ந்தது இருக்கிறது என்று திருடனுக்கும் அது சொன்னது. பட்டியல் கண்டிப்பாக இருந்தவரை அந்த அடையாளத்தால் கெடுதலைவிட நன்மையே அதிகம். பட்டியல் தளர்ந்து, ‘கையெழுத்து வேண்டும்’ என்ற சீட்டு மட்டும் உறைமேல் மிஞ்சினால், காவல் போய் விளம்பரம்தான் நிற்கும்.

கையெழுத்தை இப்படிக் குறைத்துச் சொல்வது நியாயமா, நீதிமன்றங்களே அதை மதிக்கின்றனவே என்பது வலுவான மறுப்பு. ஒப்புகை அட்டையில் உள்ள கையெழுத்து ஆயிரக்கணக்கான வழக்குகளில் சான்றாகியிருக்கிறது, உண்மை. ஆனால் சட்டம் எதை மதிக்கிறது என்று கூர்ந்து பார்க்க வேண்டும். 1897ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரியான முகவரி எழுதி, கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் சேர்த்தாலே போய்ச் சேர்ந்ததாகக் கொள்ளலாம் என்கிறது; எதிர்த்தரப்பு மறுத்து நிரூபிக்கும்வரை அந்த ஊகம் நிற்கும். 2007இல் சி.சி. அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஊகத்தை மீண்டும் உறுதிசெய்தது. ‘வாங்க மறுத்தார்’, ‘வீடு பூட்டியிருந்தது’ என்ற குறிப்போடு திரும்பிவந்த நோட்டீஸுக்கும் அது பொருந்தும். நோட்டீஸைப் பொறுத்தவரை கையெழுத்து இல்லாவிட்டாலும் காரியம் நடந்துவிடுகிறது, ஏனென்றால் அங்கே போய்ச் சேர வேண்டியது செய்தி. நாணயத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. வீடு பூட்டியிருந்ததால் திரும்பிய நாணயம் ‘சேர்ந்ததாகக் கொள்ளப்பட்டு’ யாருடைய பேழையிலும் வந்து உட்காராது. கடிதத்தின் சான்றுக்காகச் செம்மைப்பட்ட கருவியில் பொருளின் பாதுகாப்பும் ஓசிப் பயணியாக ஏறிக்கொண்டது என்பதே வரலாறு காட்டும் உண்மை.

அந்தப் பயணத்தின் தொல்லைகள் சேகரிப்பாளருக்கு மட்டும் உரியவை. பகலில் வேலைக்குப் போகிறவர் வீட்டில், தபால்காரர் வரும் நேரத்தில் ஆளிருக்காது; அறிவிப்புச் சீட்டு வந்து, பொருள் தபால் நிலையத்தில் சில நாள் காத்திருந்து, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். இரண்டு முறை போய்வந்த தபால்தலைக்கு இரட்டைப் பயணத்தின் ஆபத்து. அடுத்த வீட்டுக்காரரோ காவலாளியோ கிறுக்கிய கையெழுத்து இன்னொரு வகைச் சிக்கல்: ஏட்டின்படி பொருள் சேர்ந்துவிட்டது, உரியவர் கண்ணில் படவில்லை. எல்லாவற்றிலும் கடினமானது, உறை முழுசாக வந்து உள்ளே பொருள் இல்லாத நிலை. கையெழுத்து உறைக்குத்தான் சாட்சி, உள்ளே இருந்ததற்கு அல்ல. பெறுகிறவர் போட்ட அந்த ஒரு கிறுக்கல் அவருக்கே எதிராக நிற்கும். இவ்விடத்தில் உதவக்கூடியது பெரும்பாலும் ரசீதில் பதிவான எடை மட்டுமே. காப்பீடு செய்திருந்தாலும் ஈட்டுத்தொகை பொருளின் மதிப்பைத் தாண்டக் கூடாது என்றே 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு சொன்னது. சந்தை விலை ஏலத்துக்கு ஏலம் மாறும் ஒரு பொருளின் மதிப்பை யார் சொல்வது என்ற கேள்வி அங்கே தொடங்குகிறது.

இதெல்லாம் பழைய கதை, பார்கோடும் செல்பேசிக் குறுஞ்செய்தியும் வந்தபிறகு ஏடு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும். 1986இல் தொடங்கிய ஸ்பீட் போஸ்ட், பொருள் எந்த ஊரைத் தாண்டியது என்பதை வீட்டிலிருந்தே பார்க்க வைத்திருக்கிறது. பழைய ஏட்டைப் புரட்டிக் கண்டுபிடிக்க வாரங்கள் ஆகும். இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் பார்கோடு சொல்வது இடத்தை. ஏடு சொன்னது ஆளை. ‘சென்னை மையத்தில் வந்து சேர்ந்தது’ என்ற வரி, அங்கே யார் பொறுப்பில் இருந்தது என்பதை அனுப்பியவருக்குச் சொல்வதில்லை. ஸ்பீட் போஸ்ட் முகவரியில் ஒப்படைக்கும். பதிவுத் தபால் பெயருக்கு உரியவரிடம் ஒப்படைத்தது என்ற வேறுபாடும் முக்கியம். இதை உணர்ந்துதான் 2025 அக்டோபர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டிலேயே கூடுதலாக 5 ரூபாயும் வரியும் கட்டினால் உரியவரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோ மட்டும் தரும் பதிவு வசதியை அஞ்சல் துறை வைத்தது, ஓ.டி.பி. சொன்னால்தான் தரும் ஏற்பாடும் வந்தது. கடைசி வாசலில் ஆளை அடையாளம் காண்பதில் ஓ.டி.பி., கிறுக்கலைவிட மேலானது. கொரோனா தொற்றின்போது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெறுகிறவர் பேனாவைத் தொடாமல் தபால்காரரே பெயரைக் குறித்துக்கொண்டார். அதனால் தபால் முறை இடிந்துவிடவில்லை. கையெழுத்தின் இடத்தை நிரப்புவது அவ்வளவு கடினமில்லை என்பதற்கு இதுவே சான்று. நடுவழியில் ஆள் மாற்றி ஆள் எழுதிவைத்த பொறுப்பின் இடத்தை நிரப்புவதுதான் கடினம்.

ஆகவே பதிவுத் தபால் என்ற பெயர் போனதற்காகச் சேகரிப்பாளர் வருந்த வேண்டியதில்லை. எதற்காக வருந்துகிறோம் என்று தெரிந்து வருந்தலாம். கையெழுத்து வேண்டும் என்று கேட்பதோடு நிற்காமல் மதிப்பைக் குறிப்பிட்டுக் காப்பீடு கேட்பது, எடையை ரசீதில் சரிபார்ப்பது, உறைமேல் உள்ளடக்கம் தெரியாமல் கட்டுவது, கட்டுவதற்கு முன் படம் எடுத்துவைப்பது, பெறுகிறவர் எந்த நாளில் வீட்டில் இருப்பார் என்று கேட்டு அனுப்புவது ஆகிய எல்லாம் அந்தக் கடைசிக் கோட்டுக்கு முன்னால் நடக்க வேண்டியவை. தபாலில் போவதற்காக வெட்டப்பட்ட அரை நோட்டுகள் இன்று சேகரிப்பாளர்கள் தேடும் அரிய பொருள்கள். அவற்றில் ஒன்றை வாங்கித் தபாலில் வரவழைப்பவர், அதை வெட்டியவரின் கணக்கையும் சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது: முதல் பாதி சேர்ந்த செய்தி வரும்வரை அவர் மறுபாதியைத் தன் கையிலேயே வைத்திருந்தார்.