காடவர் எழுச்சி

காடவர் எழுச்சி என்பது, கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சோழ சக்ரவர்த்திகளின்கீழ் நடுநாட்டில் காவல் அதிகாரம் பெற்றிருந்த காடவராயர் என்னும் குறுநில வம்சத்தார், அடுத்த நூற்றாண்டில் சோழ சக்ரவர்த்தியையே சிறைப்பிடித்துத் தனியரசு நடத்தும் நிலைக்கு உயர்ந்து, 1279ஆம் ஆண்டையொட்டி மறைந்துபோன வரலாற்றைக் குறிக்கும். இவ்வரலாற்றின் களம் பெரும்பாலும் தென்பெண்ணைக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட பூமியாகும். பழுப்பு நிலக்கரியால் பெயர்பெற்ற நெய்வேலியும், அதன் அண்டையில் முந்திரியும் பலாவும் செழிக்கும் செம்மண் பூமியாக விளங்கும் முத்தாண்டிக்குப்பமும் இந்நிலப்பரப்பினுள் அடங்குவன. காடவர் வரலாற்றுக்கு ஆதாரமான சாசனங்கள் நிறைந்த திருவதிகை, திருவயிந்திபுரம், விருத்தாசலம், சேந்தமங்கலம் ஆகிய தலங்கள் யாவும் முத்தாண்டிக்குப்பத்தைச் சூழ ஒருநாட் பயணத்துக்குள் இருக்கின்றன.

சாம்ராஜ்யங்கள் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் பகைவனால் அழிவதாகப் பொதுவாக எண்ணப்படுகிறது. சோழர் வரலாற்றின் கடைசி நூறு ஆண்டுகளை ஊன்றிப் பார்ப்பவர்க்கு, பகைவன் நுழையுமுன்னரே காவற்காரனிடம் கதவின் திறவுகோல் போய்ச் சேர்ந்துவிட்டமை புலனாகும். அக்காலத்தில் பாடிகாவல் என்றோர் உரிமை இருந்தது. ஓர் ஊரையோ நாட்டையோ கள்வரும் பகைவரும் அணுகாமற் காக்கும் பொறுப்பை ஏற்பவன், அதற்கு ஈடாக அவ்வூராரிடமிருந்து நெல்லாகவும் காசாகவும் ஒரு வரியைத் தானே தண்டிக்கொள்வான், இதுவே பாடிகாவல். தொடக்கத்தில் இவ்வதிகாரம் அரசின் மேற்பார்வைக்கு உட்பட்டிருந்தது. முதற் குலோத்துங்கனுக்குப் பின்னர், தலைநகரின் கை நீளம் குறையக் குறைய, இவ்வுரிமை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் குலச்சொத்தாக மாறிற்று. வரி தண்டுபவனும் அவனே, வாளேந்தியவர்க்குச் சோறிடுபவனும் அவனே, வழக்குத் தீர்ப்பவனும் அவனே என்று ஆகிவிட்ட பிறகு, குடிகளுக்குச் சக்ரவர்த்தி என்பவர் சாசனத்தின் முதல் வரியில் மட்டும் வாழ்ந்தார்.

நடுநாட்டில் இவ்வாறு வளர்ந்த குலங்களுள் காடவர் முதன்மையானவர். தம்மைப் பழைய பல்லவரின் வழிவந்தோர் என்று கூறிக்கொண்ட இவர்கள், கூடல் என்னும் ஊரைத் தம் குலத்துக்கு உரிய இடமாகக் கொண்டவர். சோழருக்கு அடங்கியிருந்த காலத்தில் ‘குலோத்துங்கசோழக் காடவராயன்’ என்பது போலத் தம் ஆண்டானின் பெயரையே தம் பெயருக்கு முன்னே சூட்டிக்கொண்டனர். ஆயினும் 1186ஆம் ஆண்டுக்குரிய விருத்தாசலச் சாசனத்தில், வீரசேகரன் என்னும் காடவன் தன் முன்னோரை வரிசையாக எடுத்துரைத்துத் தன் குலத்தின் வெற்றிகளைத் தானே பாடுவித்துக்கொள்கிறான். மூன்றாம் குலோத்துங்கன் போன்ற ஆற்றல் மிக்க வேந்தன் அரியணையில் இருந்தபோதே ஒரு குறுநிலத் தலைவன் தனக்கென ஒரு மெய்க்கீர்த்தி செய்துகொண்டான் என்பது கவனிக்கத்தக்கது. அதே காலத்தில் சம்புவராயர், மலையமான்கள், வாணகோவரையர் முதலிய தலைவர்கள், இன்னார் எமக்கு நண்பர், இன்னார் எமக்குப் பகைவர் என்று தமக்குள் உடன்படிக்கை செய்து, அவற்றைக் கோயிற் சுவர்களில் பொறித்தும் வைத்தனர். சக்ரவர்த்தியைக் கலக்காமல் சாமந்தர்கள் ஒருவரோடொருவர் ஒப்பந்தம் செய்துகொள்ளும் நாடு எத்திசையில் போகும் என்பதை ஊகிக்க ஜோதிடம் வேண்டியதில்லை.

இந்நோய் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. அதன் மிகப் பெரிய உதாரணத்தைச் சீனத்தில் காண்கிறோம். தாங் வம்சத்துச் சக்ரவர்த்திகள் தம் நீண்ட வடவெல்லையைக் காக்கத் தனித்தனி ராணுவ மண்டலங்களை அமைத்து, அவற்றின் தளபதிகளுக்குப் படையோடு வரியையும் நிர்வாகத்தையும் ஒப்படைத்தனர். ஆன் லுஷான் என்னும் தளபதி அத்தகைய மண்டலங்கள் மூன்றனை ஒருங்கே பெற்று, 755ஆம் ஆண்டின் இறுதியில் அப்படையைத் தலைநகரை நோக்கித் திருப்பினான். மறு ஆண்டு சுவான்சுங் சக்ரவர்த்தி சாங்ஆன் நகரத்தை விட்டு மேற்கே ஓட நேர்ந்தது. நாட்டை மீட்க உய்குர் என்னும் துருக்கிய இனத்தாரின் குதிரைப்படையைத் துணைக்கு அழைத்தனர். அவர்கள் மீட்டும் கொடுத்தனர், மீட்ட லோயாங் நகரைச் சூறையாடியும் சென்றனர். 755இல் ஏறத்தாழ 5.3 கோடி மக்களைக் காட்டிய குடிக்கணக்கு, 764இல் 1.7 கோடிக்கும் குறைவாகக் காட்டியது. இவ்வீழ்ச்சி முழுவதும் உயிர்ச்சேதம் ஆகாது; கணக்கெடுக்கும் அதிகாரமே பல மாகாணங்களில் அற்றுப்போயிற்று என்பதையும் அது உணர்த்துகிறது. அதன் பின்னர் 907 வரை தாங் வம்சம் நீடித்த போதிலும், வடகிழக்கு மாகாணத் தளபதிகள் தம் பதவியைப் பரம்பரைச் சொத்தாகவே அனுபவித்தனர்.

இப்பாடத்தைக் கற்றவன், 960இல் சோங் வம்சத்தை நிறுவிய சாவ் குவாங்யின். தானே ஒரு படைத்தலைவனாக இருந்து வீரர்களின் ஆரவாரத்தால் அரியணை ஏறியவனாதலால், மறு ஆண்டே தன் சக தளபதிகளை விருந்துக்கு அழைத்து, மதுக்கோப்பையின் நடுவே, நிலமும் செல்வமும் தந்து அவர்களைப் படைப் பொறுப்பிலிருந்து விலக்கினான் என்று சீன வரலாற்று நூல்கள் கூறும். உள்நாட்டுக் கலகம் அடங்கியது; எல்லையில் படையின் கூர் மழுங்கியது. 1127இல் ஜுர்ச்சென் இனத்தார் கைஃபெங் நகரைக் கைப்பற்றி, சக்ரவர்த்தியையும் அவருக்குமுன் ஆண்ட தந்தையையும் ஒருங்கே சிறைகொண்டு சென்றனர். தளபதியை நம்பினால் கலகம், நம்பாவிட்டால் படையெடுப்பு என்னும் இந்தத் தர்மசங்கடத்துக்குச் சீனரும் தீர்வு கண்டாரில்லை, சோழரும் கண்டாரில்லை. இவ்விரு அரசுகளும் ஒன்றையொன்று அறிந்தவை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழர் தூதுக்குழுக்கள் சோங் அரசவைக்குச் சென்றதைச் சீனக் குறிப்புகள் பதிவு செய்துள்ளன. 1077இல் சென்றவர் 72 பேர்.

1218இல் மூன்றாம் குலோத்துங்கன் மறைய, அவனுக்குப்பின் முழுப் பொறுப்பேற்ற மூன்றாம் ராஜராஜன் திறமையும் முன்யோசனையும் குறைந்தவன். பாண்டியன் மாறவர்மன் சுந்தரன் முன்னரே தஞ்சையையும் உறையூரையும் தீக்கிரையாக்கியிருந்தான். ஹொய்சளர் தலையிட்டுச் சோழரை மீண்டும் நிலைநிறுத்தி, ‘சோழராஜ்யப் பிரதிஷ்டாசாரியர்’ என்னும் விருதையும் சூடிக்கொண்டனர். பிறர் பிரதிஷ்டை செய்து தந்த ராஜ்யம் எத்தனை நாள் நிற்கும்? பாண்டியனிடம் மீண்டும் தோற்று நண்பர்களைத் தேடிச் சென்ற ராஜராஜனைக் காடவன் வழியிற் பிடித்தான் என்று கத்யகர்ணாமிருதம் என்னும் வடமொழி நூல் கூறுகிறது. செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள வயலூர்ச் சாசனமோ, தெள்ளாற்றில் பொருது சோழனை வென்று அவனை அமைச்சரோடும் சிறையிலிட்டதாகக் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கனைப் புகழ்கிறது. வந்தவாசிக்கு அண்மையிலுள்ள இத்தெள்ளாறுதான் நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர்ப் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் பெருவெற்றி கண்ட களம். தன்னைப் பல்லவன் என்று சொல்லிக்கொண்ட காடவனுக்கு இதனினும் பொருத்தமான இடம் வாய்த்திருக்க முடியாது. 1231ஆம் ஆண்டையொட்டிச் சோழ சக்ரவர்த்தி காடவரின் தலைநகராகிய சேந்தமங்கலத்தில் கைதியாக இருந்தான்.

இதன்பின் நிகழ்ந்தவற்றைத் திருவயிந்திபுரம் தெய்வநாயகப் பெருமாள் கோயிற் சாசனம், தமிழ்ச் சாசனங்களில் அரிதாகக் காணப்படும் விவரத்தோடு எடுத்துரைக்கிறது. ராஜராஜனின் 16ஆம் ஆட்சியாண்டிலே பொறிக்கப்பட்ட இது சோழனின் பெயரால் தொடங்கினாலும் உண்மையில் ஹொய்சளரின் வெற்றிப் பத்திரமே. கோப்பெருஞ்சிங்கன் சக்ரவர்த்தியைச் சிறைவைத்து, தன் படையைக் கொண்டு நாட்டை அழித்துக் கோயில்களையும் பாழாக்குகிறான் என்று கேட்ட ஹொய்சள மன்னன் வீரநரசிம்மன், சோழனை நிலைநிறுத்தினவன் என்னும் விருதை மெய்ப்பித்தாலன்றித் தன் காளம் ஊதலாகாது என்று சூளுரைத்து, துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டு, வழியில் மகர ராஜ்யத்தை நிர்மூலமாக்கி, ஸ்ரீரங்கத்துக்கு அண்மையிலுள்ள பாச்சூரில் பாசறை இறங்கினான். அங்கிருந்து அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்னும் இரு தண்டநாயகர்களை ஏவினான். அவர்கள் எள்ளேரி, கல்லியூர்மூலை, தொழுதகையூர் ஆகிய ஊர்களை அழித்தனர். எதிர்த்த அதிகாரிகளோடு, காடவன் பக்கம் நின்ற பராக்கிரமபாகு என்னும் ஈழத்து அரசனையும் கொன்றனர். தில்லைப் பொன்னம்பல தேவரைக் கும்பிட்டனர். கும்பிட்ட கையோடு தொண்டைமானல்லூரை அழித்தனர். திருப்பாதிரிப்புலியூரில் தங்கித் திருவதிகை, திருவெக்கரை முதலான ஊர்களை நாசமாக்கினர். கடலுக்கு மேற்கே, சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே உள்ள ஊர்களைக் கொளுத்தியதையும், பயிரை அழித்ததையும், பெண்டிரைப் பிடித்ததையும், கொள்ளை கொண்டதையும் இச்சாசனம் ஒளிக்காமல், பெருமையாகவே பட்டியலிடுகிறது.

சற்று நின்று நோக்கவேண்டிய இடம் இது. அந்த எல்லைக்குள் அகப்பட்ட நிலம் முத்தாண்டிக்குப்பம் உள்ளிட்ட இன்றைய பண்ணுருட்டி, நெய்வேலிச் சுற்றுப்புறமே. சக்ரவர்த்தியைச் சிறைவைத்தவன் ஒருவன்; மீட்கவந்தவன் ஒருவன்; மீட்கப்பட்டவன் ஒருவன். பயிரை இழந்த குடியானவன் இம்மூவருள் எவனுமல்லன். லோயாங் நகரில் உய்குர்கள் செய்ததும் கெடிலக்கரையில் தண்டநாயகர்கள் செய்ததும் ஒன்றேயாகும்; இரண்டும் ரட்சகர்கள் பெற்றுக்கொண்ட கூலி.

தண்டநாயகர்கள் சேந்தமங்கலத்தை நெருங்கும்போது கோப்பெருஞ்சிங்கன் ஹொய்சளனுக்குத் தூதுவிட்டுச் சக்ரவர்த்தியை விடுவிக்க இசைந்தான். ராஜராஜன் விடுதலை பெற்றுத் தன் நாடு சேர்ந்தான். ஆயின் அவனைச் சிறைவைத்தவனுக்கு நேர்ந்த தண்டனை என்னவென்றால், ஏதுமில்லை. 1243இல் கோப்பெருஞ்சிங்கன் என்னும் பெயரிலேயே ஆட்சியாண்டுகளைக் கணக்கிடும் சாசனங்கள் தொடங்குகின்றன. ‘சகலபுவனச் சக்ரவர்த்தி’ என்னும் விருது வருகிறது. சோழனைச் சிறைவைத்தவனும் இச்சாசனங்களுக்கு உரியவனும் ஒருவனே என்பாரும் தந்தையும் மகனும் என்பாரும் ஆக அறிஞர் இரு பிரிவினர். சாசனங்களின் நீண்ட கால அளவை நோக்க, இருவர் என்ற கொள்கையே ஏற்புடையது.

இவ்விரண்டாம் கோப்பெருஞ்சிங்கன் வெறும் கலகக்காரன் அல்லன். பெரம்பலூரில் ஹொய்சளத் தண்டநாயகர்களைக் கொன்று, அவர்தம் பெண்டிரையும் பண்டாரத்தையும் கவர்ந்த பின்னர், அப்பாவத்துக்குப் பிராயச்சித்தமாக ‘அவனியாளப்பிறந்தான்’ என்று தன் பெயரே பொறித்த நெற்றிப்பட்டம் ஒன்றைத் திருமுதுகுன்றத்து இறைவனுக்கு, அதாவது விருத்தாசலத்துப் பெருமானுக்கு, அவன் சமர்ப்பித்தான். பாவமன்னிப்புக் கேட்கும் பொன்னிலும் தன் விருதுப் பெயரை எழுதிவைக்கும் மனத்தை என்னவென்று சொல்வது! தில்லைப் பெருங்கோயிலின் கிழக்குக் கோபுரம், பகைவரை வென்று கொணர்ந்த பொருளால் இவன் எடுப்பித்த திருப்பணி. அதன் வாயிற் சுவர்களில் பரதசாஸ்திரம் கூறும் நாட்டியக் கரணங்கள் சிற்பங்களாக நிற்கின்றன. ‘பரதமல்லன்’ என்ற விருதைத் தாங்கியவனுக்கு அது இயல்பே. 1262ஆம் ஆண்டுக்குரிய திரிபுராந்தகம், திராட்சாராமம் சாசனங்கள் ஆந்திர நாட்டில் இவன் ‘மகாராஜசிம்மன்’ என்ற பெயரோடு உலவியதைக் காட்டுகின்றன.

தலைநகராகிய சேந்தமங்கலம் உளுந்தூர்ப்பேட்டையை அடுத்துக் கெடிலக்கரையில் உள்ளது. மணவாளப்பெருமாள் என்னும் காடவனால் வாணிலைக் கண்டீசுவரம் என்ற பெயரில் எழுந்து, இன்று ஆபத்சகாயேசுவரர் கோயில் என வழங்கும் சிவாலயம், தெய்வத்துக்குரிய மதிலாகத் தோன்றாமல் கோட்டைமதிலாகவே தோன்றும் சுற்றுச்சுவரை உடையது. தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும் கற்குதிரைகள் அங்கே உள்ளன. காண வருவோர் பெரும்பாலும் அக்குதிரைகளைத் தட்டிப் பார்த்துத் திரும்புகின்றனர், சோழ சக்ரவர்த்தி ஒருவன் அடைபட்டிருந்த ஊர் இதுவென்று கேட்டறிவோர் சிலரே.

1251இல் பட்டம் பெற்ற சடாவர்மன் சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு, யானைகளையும் குதிரைகளையும் பொருட்குவையையும் கைப்பற்றிய பின்னர் நாட்டைக் காடவனுக்கே திரும்ப அளித்தான் என்று பாண்டியன் மெய்க்கீர்த்தி கூறும். வடக்கே ஓர் அரணாக இருக்கட்டும் என்ற எண்ணம் போலும். மீண்டும் ஒரு காவற்காரன்! எனினும் இம்முறை ஆண்டானின் கை வலிதாக இருந்தது. காடவன் அடங்கியே இருந்தான்.

கோப்பெருஞ்சிங்கனின் சாசனங்கள் 36ஆம் ஆட்சியாண்டாகிய 1278-79உடன் நின்றுவிடுகின்றன. கடைசிச் சோழனாகிய மூன்றாம் ராஜேந்திரனின் சாசனங்களும் 1279உடன் முடிகின்றன. அவ்வாண்டு மார்ச் மாதம் 19ஆம் நாள், சீனத்துத் தென்கடற்கரையில் யாமென் என்னுமிடத்தில் மங்கோலியப் பேரரசன் குப்ளாய்கானின் கடற்படையால் சூழப்பட்ட சோங் வம்சத்தின் கடைசிச் சக்ரவர்த்தியாகிய சிறுவனை, அமைச்சன் லூ சியூஃபூ தன் முதுகில் சுமந்தவாறே கடலிற் குதித்து மாண்டான். சோழர் தூதர் ஒருகாலத்தில் தொழுது நின்ற அரசவையும், அவர்களை அனுப்பிய அரசும், அவ்வரசின் வேந்தனைச் சிறைவைத்த குலமும் ஒரே ஆண்டின் எல்லையில் வரலாற்றை விட்டு அகன்றன. நடுநாடு பாண்டியன் மாறவர்மன் குலசேகரனின் ஆட்சிக்குள் வந்தது. காடவரின் சந்ததியார் அதன்பின் அரசர் என்ற பெயரோடு சாசனம் எதனையும் பொறிக்கவில்லை.