ஸ்டாண்டர்டு ஹெரால்டும் வாகனத் தகுதிச் சோதனையும்

வாகனத் தகுதிச் சோதனை என்பது, ஒரு மோட்டார் வண்டி சாலையில் ஓடத் தக்க நிலையில் உள்ளதா என்று அரசு பார்த்துச் சான்று அளிக்கும் முறை ஆகும். தமிழ்நாட்டில் இதை மக்கள் "எஃப்.சி. காட்டுதல்" என்பர். சோதிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரைத் தஞ்சைப் பகுதிப் பெரியவர்கள் இன்றும் "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்றே குறிப்பிடுவதுண்டு. தொடக்கக் காலத்தில் சோதனை என்றாலே பிரேக்கைப் பார்ப்பதுதான் என்ற எண்ணம் இப்பெயரில் தங்கியிருக்கிறது.

பழைய வண்டி இச்சோதனையில் தேறுமா என்ற கேள்விக்கு விடை காணச் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நல்ல எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் புகழ்பெற்ற விளையாட்டுக் கார் ஒன்றுக்கு இது உடன்பிறப்பு. சோதனையில் அதன் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது வயதைவிடப் பராமரிப்பே என்பதை இக்காரின் வரலாறு காட்டுகிறது.

ஹெரால்டின் பிறப்பு

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனம் 1959ஆம் ஆண்டு டிரையம்ப் ஹெரால்டு காரை வெளியிட்டது. உடலை வரைந்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. இதே காரின் சேசிஸைக் குட்டையாக்கி, அதன் மேல் இரண்டு இருக்கை கொண்ட திறந்த உடலைப் பொருத்தி 1962இல் வெளிவந்ததுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் விளையாட்டுக் கார். முன்சக்கரத் தொங்கல் அமைப்பும் பின்பக்கக் குறுக்குப் பட்டை வில்லும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே.

சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஆலை கொண்டிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் ஹெரால்டை இங்கே தயாரித்தது. அம்பாசிடர், ஃபியட் ஆகியவற்றுக்கு அடுத்து அக்காலத்தில் இந்தியரால் வாங்க முடிந்த மூன்றாவது கார் இது. 948 கன செ.மீ. எஞ்சின், முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாகத் திறக்கும் பானெட், குறுகிய தெருவிலும் எளிதில் திரும்பும் தன்மை ஆகியவை இதன் சிறப்புகள். இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டும் பின்னர் இந்தியாவில் வந்தது. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டின் இடத்தைக் கெஸல் பிடித்தது. 1980களின் இறுதியில் அந்நிறுவனத்தின் கார் உற்பத்தியே நின்றுபோனது. அதன்பின் புதிய உதிரிபாகம் கிடைப்பது அரிதாயிற்று.

சோதனைச் சட்டத்தின் வளர்ச்சி

இந்தியாவில் மோட்டார் வண்டிகளுக்கான முதல் பொதுச் சட்டம் 1914இல் வந்தது. அதற்கு மாற்றாக வந்த 1939ஆம் ஆண்டுச் சட்டம், பேருந்து, லாரி போன்ற போக்குவரத்து வாகனங்களுக்குத் தகுதிச் சான்றைக் கட்டாயமாக்கியது. காவிரிப் படுகையில் அப்போது பேருந்துகளை ஓட்டியவை தனியார் நிறுவனங்கள். கும்பகோணத்து ராமன் அண்ட் ராமன் நிறுவனத்தின் வழித்தட உரிம வழக்குகள் 1950களில் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 1972இல் அந்நிறுவனம் அரசுடைமையாகி, கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சோழன் போக்குவரத்துக் கழகம் உருவானது. பேருந்து யாருடையதாக இருந்தாலும் தகுதிச் சான்று வேண்டும் என்ற விதி தொடர்ந்தது.

இன்று நடைமுறையில் உள்ளது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். இது 1989 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன் 56ஆம் பிரிவு போக்குவரத்து வாகனங்களின் தகுதிச் சான்றைப் பற்றியது. 2018இல் திருத்தப்பட்ட விதியின்படி, எட்டு ஆண்டு வரையிலான போக்குவரத்து வாகனத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் ஆண்டுதோறும் சோதனை உண்டு.

சொந்தக் காருக்கு விதி வேறு. 41ஆம் பிரிவின்படி அதன் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பின்னர் வண்டியை ஆய்வாளரிடம் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டத்தில் இருக்கும் ஒரு ஹெரால்டு 1989க்குப் பின் ஏறத்தாழ ஏழு முறைதான் ஆய்வாளர் முன் நின்றிருக்கும்.

இங்கிலாந்தில் அதன் உடன்பிறப்பான ஸ்பிட்ஃபயரின் நிலை வேறு. அங்கே 1960 செப்டம்பரில் 10 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கு எம்.ஓ.டி. என்னும் ஆண்டுச் சோதனை கட்டாயமானது. முதலில் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகிய மூன்றே பார்க்கப்பட்டன. தொடக்க வயது 1961இல் ஏழாகவும் 1967இல் மூன்றாகவும் குறைக்கப்பட்டது. ஆகவே ஸ்பிட்ஃபயர்கள் பல பத்தாண்டுகள் ஆண்டுதோறும் சோதனைக்கு நின்றன. பழுது பெரிதாகும் முன்பே வெளிப்பட இது உதவியது. ஐந்து ஆண்டு இடைவெளியில் அந்தப் பொறுப்பு முழுவதும் உரிமையாளர் தலையில் விழுகிறது.

சோதனையில் பார்க்கப்படுபவை

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 62ஆம் விதி போக்குவரத்து வாகனங்களில் பார்க்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. முகப்பு விளக்கின் ஒளிக்கற்றை, பிற விளக்குகள், பிரதிபலிப்பான், பின்நோக்குக் கண்ணாடி, பாதுகாப்புக் கண்ணாடி, ஹாரன், சைலன்சர், வைப்பர், புகை அளவு, பிரேக், வேகமானி, ஸ்டியரிங் ஆகியவை அதில் உள்ளன. பதிவைப் புதுப்பிக்க வரும் சொந்தக் காரிலும் இவையே பொதுவாகக் கவனிக்கப்படும். அதற்கான விண்ணப்பம் 25ஆம் எண் படிவம். பதிவு முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்கலாம்.

இவற்றோடு சேசிஸ் எண்ணும் ஒத்துப்பார்க்கப்படும். எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் "பென்சில் பிரிண்ட்" வழக்கம் பலருக்குத் தெரிந்ததே. பழைய காரில் துரு அந்த எண்ணைத் தின்றுவிட்டால், எஞ்சின் நன்றாக ஓடினாலும் சிக்கல் தொடங்கும்.

ஹெரால்டு தேறும் இடமும் தவறும் இடமும்

பொதுவாக ஹெரால்டு எளிய வண்டி. மின்னணுக் கருவி எதுவும் இல்லை. விளக்கு, ஹாரன், வைப்பர் ஆகியவற்றை உள்ளூர் எலெக்ட்ரீஷியனே சரிசெய்வார். கார்புரேட்டரை ஒழுங்காக டியூன் செய்தால் புகைச் சோதனையிலும் தேறிவிடும். பாரத் ஸ்டேஜ் தரங்களுக்கு முற்பட்ட பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 விழுக்காடு என்பதால், நல்ல எஞ்சினுக்கு இது எட்டாத அளவன்று.

தவறும் இடங்கள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் உள்ளன. ஹெரால்டின் உடல் தனிச் சேசிஸின் மேல் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டது. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தாம் உடலைத் தாங்குகின்றன. இவற்றில் தண்ணீரும் சேறும் தங்கித் துரு பிடிக்கும். மேலே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்த கார் பளபளப்பாக நிற்கும்போதே, கீழே இக்கைகள் பொடிந்துகொண்டிருக்கலாம்.

காவிரிப் படுகையின் தட்பவெப்பம் இதை விரைவுபடுத்தக் கூடியது. வடகிழக்குப் பருவமழையில் சாலையில் தேங்கும் நீர், வாய்க்கால் ஓர மண் சாலையின் சேறு, நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்று ஆகிய மூன்றும் இரும்புக்குப் பகை. சுற்றிலும் டிரம் பிரேக் கொண்ட வண்டி தேங்கிய நீரில் இறங்கி ஏறினால், டிரம்முக்குள் நீர் புகுந்து பிரேக் சற்று நேரம் பிடிக்காது. நீண்ட நாள் நிற்கும் காரில் பிரேக் சிலிண்டர் இறுகிப்போகும். நெல்லும் வைக்கோலும் உள்ள கொட்டகையில் நிறுத்தினால் எலிகள் ஒயரைக் கடித்துவிடும். ஓடாமல் நிற்பதும் காருக்குக் கேடுதான்.

எரிபொருள் மாற்றமும் உண்டு. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நின்றது. ஈயத்தை நம்பிய பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் இதனால் விரைவில் தேயலாம். அண்மைக்காலத்தில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவியுள்ளது. பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் எத்தனால் கெடுக்கும். பெட்ரோல் கசிவு தீ விபத்துக்கு வழி என்பதால், எத்தனாலைத் தாங்கும் குழாயை மாற்றிக்கொள்வது நல்லது.

சான்று எதைக் காட்டாது

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில், மறைத்திருகு போட்ட வெண்கலத் துண்டு ஒன்று உண்டு. டிரன்னியன் என்பது அதன் பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டின் மறை இதற்குள் சுழலும். இதற்குக் கிரீஸ் போதாது. கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். எண்ணெய் வற்றி நீர் புகுந்தால் மறை அரித்து, தண்டு முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டினால் தேய்மானம் தெரியும். ஆனால் உள்ளே அரித்த மறை, கழற்றிப் பார்க்காமல் எந்த ஆய்வாளர் கண்ணுக்கும் தெரியாது.

ஆகவே தகுதிச் சான்று என்பது ஒரு நாளில், வெளியில் தெரிந்தவற்றைப் பற்றிய சான்று மட்டுமே. இதன் விலையைத் தமிழ்நாடு 2012இல் உணர்ந்தது. அவ்வாண்டு சூலை 25 அன்று தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் உயிரிழந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்தப் பேருந்து தகுதிச் சான்று பெற்றிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகள் வந்தன. இன்று தஞ்சாவூர் உட்பட மாவட்டந்தோறும் பள்ளி திறக்கும் முன் கோடையில் பள்ளி வாகனங்கள் வரிசையாக நிறுத்திப் பார்க்கப்படுகின்றன.

வயதா, தகுதியா?

தகுதியைப் பார்ப்பது கடினம். வயதைப் பார்ப்பது எளிது. அதனால் அரசுகள் பல நேரம் வயதையே அளவுகோலாகக் கொள்கின்றன. தலைநகர் டெல்லிப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை விதிக்கும் ஆணையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் பிறப்பித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அத்தகைய வயதுத் தடை இல்லை. 15 ஆண்டுக்கு மேற்பட்டால் பசுமை வரி உண்டு.

கட்டணமோ ஏறிக்கொண்டே வருகிறது. காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025இல் அது 10,000 ரூபாயாக உயர்ந்தது. நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஹெரால்டுக்கும் பாழான காருக்கும் இக்கட்டணம் ஒன்றே.

பழம்பெரும் வண்டிகளுக்கு 2021 சூலையில் தனி வழி திறக்கப்பட்டது. 50 ஆண்டு கடந்து, சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாத சொந்த வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். முன்பே பதிவானவை பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். அன்றாடப் பயன்பாடு கூடாது. கிடைக்காத எஞ்சினுக்குப் பதில் வேறு எஞ்சின் பொருத்தி ஓட்டி வந்த ஹெரால்டுகள் இவ்வழியில் நுழைவது கடினம்.

இங்கிலாந்து எதிர்த்திசையில் சென்றது. 2018 மே முதல், 40 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு எம்.ஓ.டி. சோதனையே கட்டாயமில்லை. அத்தகைய கார்கள் குறைவாக ஓடுபவை, அக்கறையோடு பேணப்படுபவை என்பது காரணம். ஆயினும் பழுதான வண்டியை ஓட்டுவது அங்கேயும் குற்றமே. விலக்குப் பெற்ற பின்னும் விரும்பிச் சோதனைக்குக் கொண்டு செல்வோர் அங்கே உள்ளனர்.

கண்ணிலிருந்து கருவிக்கு

2021 செப்டம்பரில் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகள் வெளியாயின. இந்நிலையங்களில் உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையும் அளக்கப்படும். தொங்கல் அமைப்பு, ஸ்டியரிங் தளர்வு, முகப்பு விளக்கு, புகை ஆகியவற்றுக்கும் கருவிகள் உண்டு. பேருந்து, லாரிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் என்று அறிவிக்கப்பட்ட கட்டாயம், பின்னர் 2024 அக்டோபருக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

கருவி ஆள் பார்த்துத் தேர்ச்சி தராது என்பது இதன் நன்மை. ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடிக்கும் ஹெரால்டு இதில் உடனே அகப்படும். ஆனால் டிரன்னியனின் மறையைக் கருவியும் கழற்றிப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது வண்டியைப் பட்டறையில் தூக்கி நிறுத்தி, சேசிஸின் கைகளைத் தட்டிப் பார்த்து, டிரன்னியனுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் சிலிண்டரைப் பிரித்துப் பார்க்கும் உரிமையாளரின் ஹெரால்டு 60 வயதிலும் தேறும். சோதனை நெருங்கும்போது பெயின்ட் மட்டும் அடிப்பவரின் வண்டி தேறினாலும், அதில் ஏறுவோருக்கு அந்தச் சான்று பாதுகாப்பு ஆகாது.