சீரமைவு எச்சரிக்கையும் நுண்செயலிக் கட்டமைப்புகளும்: குனு சி தொகுப்பியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நிரல்மொழித் தொகுப்பிகள் விடுக்கும் எச்சரிக்கைகள் மொழியிலக்கணத்தைச் சார்ந்தவையா, நிரல் இயங்கவிருக்கும் எந்திரத்தைச் சார்ந்தவையா என்னும் வினா, தொகுப்பி வரலாற்றில் போதிய கவனம் பெறவில்லை. சி மொழியின் சீரமைவு எச்சரிக்கையான 'காஸ்ட் அலைன்' அவ்வினாவுக்குத் தக்க சான்றாகும். அதன் எல்லை குறுக்கப்பட்டதையும் பின்னர் விரிக்கப்பட்டதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எந்திரங்களின் வேறுபாடு

நான்கு பைட் அளவுள்ள முழுவெண், நான்கால் வகுபடும் நினைவக முகவரியில் தொடங்குவதே சீரமைவு எனப்படும். இவ்விதியை மீறும் நிரலை எல்லா நுண்செயலிகளும் ஒரே வகையில் நடத்துவதில்லை. வேக்ஸ் கணினியும், 1978இல் வந்த இன்டெல் 8086 வழிவந்தவையும் அதனைப் பொறுத்துக்கொண்டன. மோட்டோரோலா 68000 ஒற்றைப்படை முகவரியில் இரு பைட் சொல்லைப் படிக்க மறுத்தது. ஸ்பார்க் எந்திரத்தில் நிரல் இடைநின்றது. பழைய ஆர்ம் செயலிகளின் போக்கே மிகவும் இடர் மிக்கது. அவை பிழை எதனையும் அறிவிக்காமல், பைட்டுகளைச் சுழற்றி வேறொரு மதிப்பைத் தந்தன. நின்றுபோகும் நிரலைத் திருத்திவிடலாம். தவறான விடையுடன் ஓடும் நிரலை யார் ஐயுறுவர்?

எல்லை குறுக்கப்பட்டமை

ரிச்சர்டு ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட குனு சி தொகுப்பி, காலப்போக்கில் பல கட்டமைப்புகளுக்கு விரிந்தது. ஒவ்வொரு கட்டமைப்பின் வரையறைக் கோப்பிலும் அவ்வெந்திரம் சீரமைவைக் கண்டிப்பாகக் கோருகிறதா என்னும் குறிப்பு இடம்பெற்றது. எழுத்துவகைச் சுட்டு முழுவெண் சுட்டாக மாற்றப்படும்போது, அக்குறிப்பு 'ஆம்' என்றிருந்தால் மட்டுமே எச்சரிக்கை எழுந்தது. பாதிப்பில்லாத எந்திரத்தில் வீண் எச்சரிக்கைகள் குவிந்தால், பயனுள்ளவையும் படிக்கப்படாமல் போகும். அவ்வகையில் இவ்வரையறை நியாயமானதே.

ஆயினும் விளைவு வேறாயிற்று. இன்டெல் கணினியில் மட்டும் தொகுக்கப்பட்ட நிரல்கள் ஆண்டுக்கணக்கில் எச்சரிக்கை இன்றி வளர்ந்தன. அவை ஆர்ம் கட்டமைப்புக்குப் பெயர்க்கப்பட்டபோது எச்சரிக்கைகள் மொத்தமாக வெளிப்பட்டன. பலர் வெற்றுவகைச் சுட்டின் வழியாக மாற்றி, எச்சரிக்கையை அடக்கினரே அன்றிப் பிழையைக் களையவில்லை. நினைவக நகலெடுப்புச் சார்பைப் பயன்படுத்துவதே முறையான திருத்தம். எந்திரம் அனுமதிக்குமிடத்தில் தொகுப்பி அதனை ஒற்றை ஆணையாகவே சுருக்கிவிடும். ஆதலால் வேக இழப்பு என்னும் வாதம் பெரும்பாலும் நிலைபெறாது.

வரையறையும் வன்பொருளும் பிரிந்தமை

ஆர்ம் ஆறாம் பதிப்பு முதல் சாதாரணப் படிப்பாணைகள் சீரற்ற முகவரிகளை ஏற்றன. 2012இல் வெளிவந்த குனு 4.7 பதிப்பும் அவ்வசதியை இயல்பாகப் பயன்படுத்தத் தொடங்கியது. எனினும் பன்மடிப் படிப்பாணைகள் தொடர்ந்து மறுத்தமையால், வரையறைக் கோப்பின் 'ஆம்' மாறவில்லை. மறுபுறம், இன்டெல் எந்திரம் பாதிப்பற்றது என்னும் கருத்தும் பொய்த்தது. 1999இல் அறிமுகமான எஸ்.எஸ்.இ. ஆணைகளுள் சில 16 பைட் சீரமைவைக் கோருபவை. சுட்டு சீராக உள்ளது என நம்பித் தொகுப்பி அவ்வாணைகளை இடும்போது, இன்டெல்லிலும் நிரல் முறியும். அந்நம்பிக்கைக்கு அடிப்படை மொழியின் செந்தரமே: சீரற்ற சுட்டாக மாற்றுவதன் விளைவை 1999ஆம் ஆண்டுச் செந்தரம் வரையறுக்காமல் விட்டுள்ளது.

கிளாங் தொகுப்பி இவ்வெச்சரிக்கையை எந்திரம் நோக்காமல் வகைகளை மட்டுமே நோக்கி விடுக்கிறது. குனு தொகுப்பியோ 2018இல் வெளிவந்த எட்டாம் பதிப்பில், எல்லா எந்திரங்களுக்கும் பொருந்தும் 'ஸ்ட்ரிக்ட்' என்னும் கூடுதல் தெரிவைச் சேர்த்து, பழைய வரையறையையும் அப்படியே வைத்துக்கொண்டது. இவ்விரட்டை ஏற்பாடு ஒரு சமரசமே என்பது கட்டுரையாளர் கருத்து. எந்திரம் சார்ந்த எச்சரிக்கையைத் தெரிந்தெடுப்பவர், தம் நிரல் வேறெங்கும் செல்லாது என்றும், அதே எந்திரத்தில் தொகுப்பி நாளை வேறு ஆணைகளைத் தேராது என்றும் உறுதியளிக்கிறார். இவற்றுள் இரண்டாவது அவர் கையில் இல்லை.