வேலியே பயிரை மேய்ந்த கதை - மெக்சிகோ ஸ்டைல்

ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய 'டிராஃபிக்' (2000) படம் பார்த்தவங்களுக்கு அதுல வர்ற ஜெனரல் சலசாரை ஞாபகம் இருக்கும். போதைப்பொருளை ஒழிக்கறேன்னு கிளம்பி, ஒரு கும்பலுக்காக இன்னொரு கும்பலை ஒழிச்சுக் கட்டற ஆசாமி. சினிமாக்காரங்க கொஞ்சம் ஓவராத்தான் விடறாங்கன்னு நினைச்சேன். அப்புறம் தேடிப் படிச்சா, நிஜக்கதை படத்தை விட மோசம்!

நிஜ ஜெனரலோட பேரு ஹெசூஸ் குத்தியேரஸ் ரெபோயோ. குவாதலஹாரா நகரத்தைத் தலைமையிடமா வெச்சிருந்த ராணுவ மண்டலத்துக்கு ஏழு வருஷம் தளபதியா இருந்தவர். 1995-ல 'குவேரோ' பால்மாங்கிற பெரிய கடத்தல் புள்ளியைப் பிடிச்சது இவரோட ஆட்கள்தான். அப்போ பால்மாவுக்குக் காவலா கூடவே இருந்தது யார் தெரியுமா? மெக்சிகோவோட மத்திய போலீஸ்காரங்க! போலீஸ் இப்படி, ராணுவம் அப்படி. மக்கள் யாரை நம்புவாங்க?

இங்கே கொஞ்சம் பின்னணி. 1986-ல அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. போதைப்பொருள் ஒழிப்புல எந்தெந்த நாடு ஒழுங்கா ஒத்துழைக்குதுன்னு அமெரிக்க ஜனாதிபதி வருஷா வருஷம் சான்றிதழ் கொடுக்கணும். ஃபெயில் ஆனா உதவித்தொகைக்கு வேட்டு. பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி ஒரு சமாச்சாரம். மெக்சிகோவுக்கு இந்தச் சான்றிதழ் ரொம்ப முக்கியம். போலீசைக் காட்டி மார்க் வாங்க முடியாது. அதனால ஜனாதிபதி செதியோவின் அரசு ராணுவத்தை முன்னாடி நிறுத்தியது. 1996 டிசம்பர்ல தேசிய போதைப்பொருள் ஒழிப்பு நிறுவனத்துக்குத் தலைவரா நம்ம ஜெனரலை நியமிச்சாங்க.

அமெரிக்காவுக்கு ஒரே சந்தோஷம். வெள்ளை மாளிகையின் போதை ஒழிப்புத் தலைவர் பேரி மெக்காஃப்ரி, அவரும் ஒரு ஓய்வு பெற்ற ஜெனரல்தான், இவரோட நேர்மையைச் சந்தேகிக்கவே முடியாதுன்னு பகிரங்கமா பாராட்டினார். 1997 ஜனவரியில வாஷிங்டனுக்கு வரவழைச்சு ரகசியத் தகவல்களையெல்லாம் விளக்கி அனுப்பினாங்க.

அதே வருஷம் பிப்ரவரி 18. மெக்சிகோ பாதுகாப்பு அமைச்சர் செர்வாந்தஸ் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு, ஜெனரல் கைதுன்னு அறிவிக்கிறார். பதவிக்கு வந்து மூணு மாசம் கூட ஆகலை.

குற்றச்சாட்டு? அமாதோ கர்ரீயோ ஃபுவென்தெஸ்கிட்ட கை நீட்டினார்ங்கிறது. இந்த அமாதோவுக்கு 'வானத்து ராஜா'ன்னு பட்டப்பேரு. போயிங் 727 விமானங்கள்ல கொலம்பியாவுல இருந்து கொக்கெயின் இறக்கின ஆளு. சின்ன ஃபிளைட் இல்லீங்க, நூறு பேருக்கு மேல உட்கார்ந்து போற பயணிகள் விமானம்!

இத்தனை உளவுத்துறைக்கும் மண்ணைத் தூவினவர் மாட்டினது எப்படி? வீட்டால. மெக்சிகோ நகரத்துல பெரும் பணக்காரங்க இருக்கற பகுதியில ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் குடி போயிருக்கார். அரசாங்கச் சம்பளத்துல அந்தப் பக்கம் வாடகை கேட்கக்கூட முடியாது. யாரோ பேர் சொல்லாம போன் போட்டு அதைச் சொல்ல, நூல் பிடிச்சுப் போனா வீட்டை ஏற்பாடு செஞ்சதே அமாதோவோட கூட்டாளி. நம்ம ஊர்ல "வருமானத்துக்கு மீறிய சொத்து"ன்னு சொல்வாங்களே, அதேதான். சேட்டிலைட்டுக்குத் தெரியாதது தெருக்காரங்களுக்குத் தெரிஞ்சுடும் :-)

என்னை யோசிக்க வெச்சது வேற ஒண்ணு. இந்த ஜெனரல் சும்மா உட்கார்ந்து லஞ்சம் வாங்கின ஆள் இல்லை. நிஜமாவே ரெய்டு போனார், ஆட்களைப் பிடிச்சார். அமாதோவோட எதிரிகளான திஹுவானாவின் அரெயானோ ஃபெலிக்ஸ் சகோதரர்களைக் கடுமையா விரட்டினார். அந்தக் கைது கணக்கைப் பார்த்துத்தான் 'நேர்மையானவர்'னு எல்லாரும் முடிவு கட்டினாங்க. ஆனா அந்த ஒவ்வொரு கைதும் அமாதோவுக்குப் போட்டியைக் குறைச்ச வேலை. எத்தனை பேரைப் பிடிச்சார்னு எண்ணினவங்க, யாரைப் பிடிக்கவே இல்லைன்னு கேட்கலை.

நடுவுல சாகறது யாரு? அவர் கைக்குப் போன தகவல்ல உளவு சொன்னவங்க பேரு இருந்திருந்தா அவங்க கதி என்ன? அமெரிக்க அதிகாரிகளுக்கு வயித்தைக் கலக்கியது இதுதான்.

அடுத்து நடந்ததெல்லாம் வேகம். கைது அறிவிச்ச பத்தாவது நாள், பிப்ரவரி 28, கிளிண்டன் மெக்சிகோவுக்கு 'பாஸ்'னு சான்றிதழ் கொடுத்துட்டார்! ஏப்ரல் கடைசியில அந்த ஒழிப்பு நிறுவனத்தையே கலைச்சுட்டு வேற பேர்ல புதுசு ஆரம்பிச்சாங்க. ஜூலையில அமாதோ முகத்தை மாத்திக்க பிளாஸ்டிக் சர்ஜரி பண்ணப் போய் ஆபரேஷன்ல செத்துப் போனான். ஜெனரல், "மேலிடத்து ஆட்களைத் தோண்டினேன், அதான் என்னைப் பலி கொடுத்துட்டாங்க"ன்னு கோர்ட்ல சொல்லிப் பார்த்தார். எடுபடலை. நீண்ட சிறைத்தண்டனை. 2013 டிசம்பர்ல ராணுவ ஆஸ்பத்திரியில, கைதியாவே இறந்தார்.

இதோட பாடம் கத்துக்கிட்டாங்கன்னு நினைக்கறீங்களா? 2006 முதல் 2012 வரை மெக்சிகோவின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரா இருந்து, ஜனாதிபதி கால்தெரோனின் 'போதைப் போரை' நடத்தினவர் ஹெனாரோ கார்சியா லூனா. இவரையும் அமெரிக்கா தோள்ல தட்டிக் கொடுத்தது. 2019 டிசம்பர்ல டெக்சாஸ்ல கைது. சினலோவா கும்பல்கிட்ட மில்லியன் கணக்குல டாலர் வாங்கினார்னு 2023 பிப்ரவரியில நியூயார்க் ஜூரி தீர்ப்பு சொன்னது. 2024 அக்டோபர்ல 38 வருஷத்துக்கு மேல சிறை.

போலீஸ் சரியில்லைன்னு ராணுவம். ராணுவமும் சரியில்லைன்னு புது போலீஸ். ஆளை மாத்தினாங்க, பெயர்ப்பலகையை மாத்தினாங்க. வேலியை யார் பார்த்துக்கறதுன்னு மட்டும் யாரும் யோசிக்கலை. ரகசியம்ங்கற பேர்ல ஒருத்தர் கையில எல்லாத்தையும் கொடுத்துட்டு, கேள்வி கேட்க ஆளே வைக்கலைன்னா அங்கே எவ்வளவு நல்லவரை உட்கார வெச்சாலும் எனக்கு பயம்தான்.

இனிமே எந்த அதிகாரியாவது 'இத்தனை பேரைப் பிடிச்சேன்'னு கணக்கு காட்டினா, பிடிபடாதவன் யாருன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அப்படியே வீடு எந்த ஏரியாவுலன்னும்!