போர்க்காலத்தில் விழுந்த முடிச்சு

அமெரிக்காவில் வேலையை இழப்பவர் பல வேளைகளில் மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்தே இழக்கிறார். நோயினாலேயே வேலைக்குச் செல்ல இயலாமற்போனவருக்கும் இதே கதிதான். செல்வம் மிக்க ஒரு நாடு இதைத் தெரிந்தேவா ஏற்படுத்திக்கொண்டது என்று நாம் வியக்கலாம். வரலாற்றைப் புரட்டினால், இதை முழுமையாகத் திட்டமிட்டவர் எவருமில்லை என்பது புலப்படும்.

1929இல் டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில் பேய்லர் பல்கலைக்கழக மருத்துவமனை, பள்ளி ஆசிரியர்களுடன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. மாதம் 50 சென்ட் செலுத்தினால் 21 நாள் வரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறலாம். பிற்காலத்து 'புளூ கிராஸ்' திட்டங்களுக்கு வித்து இதுவே. பெருமந்தக் காலத்தில் நோயாளிகளிடம் பணமில்லை, மருத்துவமனைகளுக்கு வருவாயில்லை. ஆகவே இம்முறை பரவிற்று.

அடுத்து உலகப் போர் வந்தது. விலைவாசியை அடக்க 1942இல் அரசு ஊதிய உயர்வுக்கு வரம்பு கட்டியது. ஆலைகளுக்கோ ஆள் பற்றாக்குறை. காப்பீடு ஊதியக் கணக்கில் சேராது என்று சட்டம் இடங்கொடுத்ததால், முதலாளிகள் அதைக் காட்டித் தொழிலாளரை ஈர்த்தனர்.

1945 நவம்பரில் அதிபர் ட்ரூமன் அனைவருக்குமான தேசியக் காப்பீட்டை முன்மொழிந்தார். அமெரிக்க மருத்துவச் சங்கம் கடுமையாக எதிர்த்தது, திட்டம் நிறைவேறவில்லை. மாறாக, முதலாளி செலுத்தும் காப்பீட்டுக் கட்டணத்துக்கு ஊழியர் வரி கட்டவேண்டியதில்லை என்பதை 1954ஆம் ஆண்டு வரிச்சட்டம் உறுதிசெய்தது. போர்க்கால உபாயம் நிலைத்த வழக்கமாயிற்று.

இவ்வமைப்புக்கு வெளியே நின்ற முதியோருக்கு மெடிகேரும் வறியோருக்கு மெடிக்கெய்டும் 1965இல்தான் கிட்டின. அதிபர் ஜான்சன் ட்ரூமனின் ஊருக்கே சென்று அச்சட்டத்தில் கையொப்பமிட்டார். வேலை போனபின்னும் பழைய காப்பீட்டைச் சிலகாலம் தொடர 1986இல் ஒரு சட்டம் வழிசெய்தது. ஆனால் முழுக் கட்டணத்தையும் அவரே செலுத்த நேரிடலாம். ஊதியம் நின்றுபோன வேளையில்!

முன்பே நோயுற்றவர் என்று காரணங்காட்டிக் காப்பீட்டை மறுப்பதை 2010ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அத்தடை 2014இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மெடிக்கெய்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, சில மாநிலங்கள் விலகி நின்றன. 2023இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 17.6 விழுக்காடு மருத்துவத்துக்குச் செலவாயிற்று. அவ்வாண்டிலும் ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் பேர் காப்பீடின்றி இருந்தனர்.

இம்முடிச்சை ஏன் அவிழ்க்கவில்லை? 65 வயதுக்குட்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டோர் வேலைவழிக் காப்பீட்டை நம்பியே வாழ்கின்றனர். புதியது எப்படியிருக்குமோ என்ற அச்சத்தில் கையிலிருப்பதை விட அவர்களில் பலர் தயங்குகின்றனர். அந்தத் தயக்கத்தை நாம் குறைகூற இயலாது. ஆயினும் அதன் விலையைத் தருபவர், வேலையும் உடல்நலமும் ஒருங்கே கைவிட்ட மனிதரே.